பாதித் திரைப் பெட்டி

கச்சேரிக் குழுவில் அவளை எல்லோரும் ‘பட்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். சனி, ஞாயிறு அண்ணனின் குழுவில் கீபோர்டு வாசிப்பாள். அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு பழைய சிந்தசைசர், விதவிதமான சத்தங்களை மின்சாரத்தில் உருவாக்கும் கருவி. வாசிக்கக் கட்டைகள் இல்லாத, ரேக்கில் திருகி வைக்கிற தட்டையான இரும்புப் பெட்டி. கீபோர்டிலிருந்து ஒரு வயரை இழுத்து மாட்டினால் சத்தம் கொடுக்கும். ஸ்டூடியோ ஒன்றை மூடியபோது விற்பனைக்கு வந்தது. திரையின் வலப்பாதி செத்துப்போயிருந்ததால் யாரும் சீந்தவில்லை. பட்டன் தன் முதல் சம்பளத்தில் அதையும் வாங்கி, ஒரு ஜோடி செருப்பும் வாங்கினாள். அவ்வளவு மலிவு.

பாதித் திரையை வைத்துக்கொண்டு என்ன தெரியும்? பட்டனை எத்தனை தரம் அழுத்துவது என்று எண்ணினாள். இந்தப் பட்டன் மூன்று தரம், அந்தப் பட்டன் ஏழு தரம் என்று விரல்களுக்கே மனப்பாடமாக்கினாள். பன்னிரண்டு வருஷத்தில் அறுபத்துநான்கு சத்தங்களை உருவாக்கிப் பெட்டிக்குள் பதிந்து வைத்தாள். வேறு எங்கும் நகல் கிடையாது. அவற்றில் முதலாவது, புல்லாங்குழல் போலத் தொடங்கி, முடியும்போது யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல் நிற்கும். அண்ணன் குழு மேடையேறினால் முதலில் வருவது அதுதான். கேட்டதும் கூட்டம் விசிலடிக்கும்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே டிவி பார்த்தாள். அண்ணன் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான்.

“அந்தச் சவுண்டா? ஆறு மாசம் தூங்காம நானே உருவாக்குனது சார்.”

மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மடித்த துணியை அவள் மறுபடி பிரித்துப் போட்டு மடித்தாள். மறுநாள் நேரில் கேட்டாள். அண்ணன் சிரித்தான்.

“நீ வேற நா வேறயா? அதவிடு. மேடைக்கு இளசா ஒரு ஆளப் போடலாம்னு இருக்கேன். நீ ரெஸ்ட் எடு.”

“என் பெட்டிய குடு, போறேன்.”

“வீட்ல வெச்சு அத என்ன பண்ணப்போற? கிடக்கட்டும் இங்கயே.”

எரிச்சலோடு, வெறுங்கையாகப் படியிறங்கினாள். அந்த எரிச்சலுக்கு நடுவில்தான் பேட்டரி ஞாபகம் வந்தது.

பெட்டிக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. பதிந்த சத்தங்களை எல்லாம் காப்பது அதுதான். அது செத்தால், சுவிட்சை அணைத்த கையோடு அத்தனையும் போய்விடும். சில மாதங்களாகவே, பெட்டியைப் போட்டதும் திரையின் உயிருள்ள பாதியில் ‘பேட்டரி’ என்ற சொல் ஒரு நொடி மின்னி மறைந்தது. மூன்று முறை அண்ணனிடம் சொல்லியிருந்தாள். “அடுத்த கச்சேரிக்குப் பாத்துக்கலாம்” என்று மூன்று முறையும் தட்டிக் கழித்தான்.

நாலாவது முறை அவள் சொல்லவில்லை. தன் பிள்ளைகள் மாதிரி வளர்த்த அறுபத்துநான்கும் போய்விடும் என்று தெரியும். போகட்டும், அவன் பெயரில் வாழ்வதைவிட அவை சாவதே மேல் என்று கறுவிக்கொண்டு லென்ஸ் தேய்த்தாள். தேய்த்த கண்ணாடியில் எல்லாம் அவன் முகம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

குழுவின் ஆண்டு விழாவுக்கு டிக்கெட் வாங்கி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். விளக்குகள் மங்கின. புதுக் கீபோர்டுக்காரர் விரலை வைத்தார். தகர டப்பாவைத் தரையில் இழுத்ததுபோல் ஒரு சத்தம். மறுபடி வைத்தார். மறுபடி தகரம். கூட்டம் சிரித்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தைத் துழாவிய அவன் கண்ணில் தங்கை பட்டாள். மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான்.

“தாயே, மானத்தக் காப்பாத்து. உன்னாலதான் முடியும்.”

“முடியும். ஆனா அது யாரு செஞ்ச சவுண்டுன்னு மைக்ல சொல்லணும்.”

“சொல்றேன், சத்தியமா சொல்றேன். வா.”

மேலே போனதும் மைக்கைப் பிடித்தான். கூட்டத்தைப் பார்த்தான். பழைய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

“மன்னிக்கணும். நான் உருவாக்குன சவுண்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது. என் தங்கச்சி ஒரு கை குடுப்பா!”

பட்டன் பெட்டிமுன் மண்டியிட்டாள். மூன்று தரம், ஏழு தரம், திரும்ப இரண்டு. அரங்கமே பார்க்க, ஒன்றுமில்லாததிலிருந்து அந்தச் சத்தத்தை ஐந்து நிமிடத்தில் மறுபடி கட்டினாள். எழுந்து கீபோர்டில் கை வைத்தாள். புல்லாங்குழல் எழுந்தது, கடைசியில் மூச்சை உள்ளே இழுத்து நின்றது. விசில் கூரையைப் பிளந்தது. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு அண்ணனுக்கு முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“ஆறு மாசம் தூங்காம செஞ்சியே அண்ணா. இன்னொரு வாட்டி செஞ்சு காட்டு.”

குனிந்து, பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.