ஆற்றில் விட்ட சேலை

எதையும் தூக்கிப் போட மனம் வராத ஜென்மம் நான். சுருளி அருவிக்குப் போகும் வழியில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். கைவேலைக்குச் சாமான் வேண்டுமென்றால் தெருத்தெருவாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். திராட்சைப் பெட்டி அட்டை, தையல் கடையில் கழித்த துண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, எதையும் விடமாட்டேன். "டீச்சர் வர்றாக, குப்பையை எடுத்து ஒளிச்சு வைங்கப்பா" என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

இறந்தவர்களுக்குக் காரியம் செய்யச் சுருளிக்கு வருகிறவர்கள், இறந்தவர் உடுத்திய துணியையும் ஆற்றில் விட்டுவிட்டுப் போவார்கள். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா அதையெல்லாம் வாரிக் கரையில் குவிப்பார். ஒருநாள் அந்தக் குவியலில் நல்ல சேலைகள் நாலைந்து கிடந்தன. எனக்குக் கை பரபரத்தது.

"வேணாம் டீச்சர். ஆத்துல விட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு பெரியவுக சொல்லுவாக."

"வீட்டுக்கா கொண்டுபோறேன்? பள்ளிக்கூடத்துக்குத்தானே!" என்று வாயடித்து வாங்கி வந்தேன். சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, சதுரம் சதுரமாக வெட்டினேன். துணிக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்ற திமிர்தான்.

இலவம் பஞ்சு அடைத்துப் பொம்மை செய்தோம். வகுப்பில் ஒரு சிறுமி, அம்மா இறந்த இரண்டு மாதமாக வாயே திறக்காதவள். அவளுக்குக் கத்திரிப்பூ நிறத் துண்டு கிடைத்தது. அவள் பொம்மை செய்யவில்லை. துண்டை முகர்ந்து பார்த்தாள். எழுந்து ஒவ்வொருவர் பொம்மையாக உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எங்கம்மா வந்துக்கிட்டு இருக்கு."

துண்டின் ஓரத்தில் பச்சை நூல் தையலைக் காட்டினாள். "வேற நூல் இல்லைன்னு அம்மா பச்சையில தச்சுச்சு. நான்தேன் ஊசி கோத்துக் குடுத்தேன்." பிறகு வகுப்பைச் சுற்றிக் கை நீட்டினாள். "அவகிட்டக் கொஞ்சம் இருக்கு. இவன்கிட்டக் கொஞ்சம். மிச்சம் எப்ப டீச்சர் வரும்?"

கத்தரிக்கோலை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

அடுத்த சில நாட்களில் கத்திரிப்பூ நிறப் பொம்மைகளையெல்லாம் கெஞ்சிக் கெஞ்சி வாங்கிவிட்டாள். பதினொன்று. சன்னலில் வரிசையாக உட்கார வைத்து, அவற்றோடு மெல்லிய குரலில் பேசுவாள். நடுவில் நிறுத்திக் காது கொடுப்பாள். "சரிம்மா" என்று தலையாட்டுவாள். மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கம் உட்கார மறுத்தார்கள். சன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். "அம்மா இங்கன இருக்கு." திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பாவை வரவழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பொம்மைகளையே வெகுநேரம் பார்த்தார்.

"சேலையை ஆத்துல விட்டாச்சு, அம்மா போயிருச்சுன்னு சொல்லி ஒருவழியா இவளை நம்ப வச்சிருந்தேன் டீச்சர்."

மறுநாள் காலை மூவரும் சுருளிக்குப் போனோம். அம்மாவை வழியனுப்பப் போகிறோம் என்றதும் அவள் மறுக்கவில்லை. பொம்மைகளை ஒவ்வொன்றாக அவளே தண்ணீரில் விட்டாள். பஞ்சு அடைத்தவை, மூழ்கவில்லை. மல்லாந்து, மை கரைந்த கண்களோடு மிதந்தன. ஒன்று பாறையில் தட்டி நின்றது. சற்று நேரம் கழித்துத் தானாக நகர்ந்தது.

"விட்டுட்டு வரும்போது திரும்பிப் பாக்கக் கூடாது. போன தடவையும் நான் பாக்கல" என்றார் அவள் அப்பா. இந்த முறை நான் வாயடிக்கவில்லை. அவளை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு படியேறினோம். பத்துப் படி ஏறியிருப்போம், அவள் திரும்பிவிட்டாள்.

"அப்பா, அம்மா நம்ம பின்னாலயே வருது."

எனக்குப் பயம், வெறும் பயம். நான் திரும்பவில்லை.

அவர் நின்றார். மகளின் கையை விட்டுவிட்டு முழுதாகத் திரும்பினார்.

"எங்கன ஆத்தா, எங்கன?" என்று மகளிடம் அவசரமாகக் கேட்டார்.