கட்டாகிப்போன பாதி

மேனாம்பேட்டு வீட்டிலிருந்தே வீடியோ காலில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். பாடி ஊர் மேம்பாலத்துப் பக்கமிருந்து காலில் சேரும் ஆறு வயதுப் பெண்ணோடு அவள் அப்பாவும் உட்கார்ந்துவிடுவார். திரையில் அவருடைய மீசையும் காக்கிச் சட்டைப் பையும்தான் தெரியும். தொடையில் ஓங்கித் தட்டித் தாளம் போடுவார். அது நெட்டில் அரைத் தட்டு பிந்தி வந்து என் தாளத்தையும் கெடுக்கும். "மியூட் பண்ணுங்க சார்" என்று கத்தியே என் தொண்டை போனது.

அந்தப் பெண்ணோ, சரளி வரிசையின் நடுவில் நான் சொல்லித் தராத ஒரு இழுப்பைப் போடுவாள். எத்தனை திருத்தினாலும் அடுத்த வகுப்பில் அதே இழுப்பு.

"யாருங்க வீட்ல இப்படிச் சொல்லித் தர்றது?" என்று ஒருநாள் அவள் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன்.

"நான்தான் டீச்சர். நீங்க பாடறப்போ நெட்டு பாதியில கட்டாயிடுது. மிச்சத்த நானே போட்டு ரொப்பிக்கினு கீறேன்."

இப்போது அவள் நன்றாகவே பாடுகிறாள். அதில் எந்தப் பாதி என்னுடையது என்றுதான் தெரியவில்லை.