இருபத்து மூன்றில் ஒன்று குறைகிறது

போன ஞாயிற்றுக்கிழமை எங்களை வனத்துறை செக்போஸ்ட் ஒன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

சந்தனக்கட்டை எதுவும் கடத்தவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவர் குறைந்தது. அவ்வளவுதான்!

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு கணபதியில். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை, இந்தப் பக்கம் இன்னொரு லேத் பட்டறை. என் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. ஒருநாள் குளிக்கும்போது, "அம்மா, அருவின்னா பெரிய ஷவரா?" என்று கேட்டாள். மொட்டை மாடியில் நின்றால் மலை தெரிகிற ஊரில் பிறந்த குழந்தை கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சுருக்கென்றது. அன்றே முடிவு செய்தேன்... வருகிற ஞாயிறு, மலையடிவாரத்தில் இருக்கும் அருவி.

"ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில். காலைல கெளம்பிரலாம்" என்றார் என் கணவர். அவருக்கு எல்லாமே ஒரு துண்டு, ஒரு பாட்டில்தான்.

நான் அப்படியில்லை என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மொபைலில் லிஸ்ட் போட்டேன். காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், கொசு கிரீம், வெட் வைப்ஸ், மாற்று உடை இரண்டு செட். ஒரு செட் நனைந்து, இரண்டாவதும் நனைந்துவிட்டால்? சரி, மூன்று செட். ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து என் கணவரின் அக்காவும் வந்திருந்தார். எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கையா என்போம். நங்கையாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். சிலிண்டர் போட வந்தவரும் சரி, வழக்கு விஷயமாக நோட்டீஸ் கொடுக்க வந்த கோர்ட் ஊழியரும் சரி, அவர் வீட்டில் எதையாவது சாப்பிடாமல் வெளியே போனதில்லை. அவர் தன் பங்குக்குப் பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட கச்சாயத்தைக் கவர்களில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். அதையும் லிஸ்டில் ஏற்றிக்கொண்டேன்.

செக்போஸ்ட்டில் அவர் நின்றிருந்தார்.

வனக்காவலர். முப்பது வயதிருக்கும். கத்தி போல் அயர்ன் செய்த காக்கிச் சட்டை. கழுத்தில் விசில். கையில் நீள நோட்டு. உள்ளே கொண்டுபோகும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கையும் எண்ணிக் குறித்துக்கொள்வார்களாம். திரும்பி வரும்போது அதே எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமாம். நல்ல விதிதானே? காட்டில் குப்பை போடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. "ரொம்ப நல்லதுங்க" என்று பாராட்டக்கூடச் செய்தேன்.

பாராட்டியிருக்கக் கூடாது. அவர் உற்சாகமாகிவிட்டார்.

"பேக்கைத் தொறங்க்கா."

திறந்தேன். நான் மூன்று நாள் யோசித்து அடுக்கியதை மூன்று நிமிடத்தில் மேஜை மேல் பரப்பினார். பாட்டில், கவர், கவருக்குள் கவர். பிஸ்கட் பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"உள்ள ஒரு ட்ரே இருக்குதுங்க. அது தனி. ரெண்டுன்னு போட்டுக்கறேன்."

இனியாவின் தலையில் இருந்த பட்டாம்பூச்சி கிளிப்பைக் குனிந்து பார்த்தார்.

"இதும் பிளாஸ்டிக்குதானுங்க."

"ஏனுங்க, என்ற பல்லு ஒண்ணு கட்டுனது. அதையும் சேத்திக்குவீங்களா?" என்று கேட்டார் நங்கையா.

அவர் சிரிக்கவில்லை. ஒரு நொடி யோசித்தார் என்றே நினைக்கிறேன்.

மொத்தம் இருபத்து மூன்று. நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு, என் கணவரிடம் கையெழுத்தும் வாங்கினார். இவ்வளவு நேரமும் இனியா என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என்னைக் குனியச் சொல்லி, காதில் மிக மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா... அந்த மாமா இவருதானா?"

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் 'காக்கிச் சட்டை மாமா' என்று ஒருவர் இருக்கிறார். தினமும் காலை இரண்டாவது இட்லிக்கு வருவார். "சாப்பிடலைன்னா காக்கிச் சட்டை மாமா வந்து புடிச்சுட்டுப் போயிருவாரு." அவர் வந்ததே இல்லை. ஆனால் இட்லி இறங்கிவிடும். குழந்தை வளர்ப்பு பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஸ்கூல் வேன் ஏழு ஐம்பதுக்கு வருவது அந்தக் கட்டுரைகளை எழுதுபவர்களுக்குத் தெரியுமா?

"இல்ல கண்ணு, இவரு வேற மாமா" என்றேன். அவள் நம்பவில்லை. வேறு என்றால் எப்படி வேறு? சட்டை அதேதானே! பாத்ரூம் வருகிறது என்றாள். பயத்தில்தான் என்று புரிந்தது. என் கணவர் காரை ஓரம் கட்டப் போக, நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன்.

உள்ளே ஒரு கிலோமீட்டர் நடை. நம் காவலரும் அவ்வப்போது ரோந்து வந்தார். இனியா தண்ணீரைப் பார்த்ததும் ஒரு கத்துக் கத்தினாள். உடனே பின்னாலிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு விசில். காட்டில் சத்தம் போடக்கூடாதாம்! நங்கையா வழவழப்பான ஒரு கூழாங்கல்லை எடுத்தார். "கல்லை வெச்சுருங்க்கா." கிளம்பும்போது இனியாவின் ஈரத் தலையில் ஒரு இலை ஒட்டியிருந்தது. "அதும் காட்டுலதாங்க இருக்கோணும்." எடுத்துக் கீழே போட்டோம்.

ஆனாலும் அருவி அருவிதான். "அம்மா, இது ஷவர் இல்ல!" என்று இனியா சொன்னபோது அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு செட் நனைந்தது. மூன்றாவது செட் கை கொடுத்தது. என் கணவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றேகால் மணிக்குச் செக்போஸ்ட்டுக்குத் திரும்பினோம். பேக்கைத் திறந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருபத்தி ரெண்டுதானுங்க இருக்குது."

"இருக்காதுங்க. நல்லா பாருங்க" என்றேன். நானும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஹோம்வொர்க் முடிக்காமல் போக வேண்டியிருந்தால் முந்தைய இரவே காய்ச்சல் வந்த பிறவி நான்.

"மேடம், ஒரு கவரு உள்ள கெடந்தா, ஒரு மான் தின்னு செத்துப்போகும்ங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே!

என் கணவர் மட்டும் வந்த வழியே அருவி வரை போய்த் தேடிவிட்டு வேர்த்து வழியத் திரும்பினார். கார் டிக்கி, சீட்டுக்கு அடி, ஈரத்துணி மூட்டை எல்லாம் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை. நான்கு மணிக்கு கேட் பூட்ட வேண்டும். அதற்கு மேல் அந்தப் பாதை யானைகளுக்கு.

"ஃபைன் போட்டுருங்க, கட்டிர்றோம்" என்றார் கணவர்.

"ஃபைன் கட்டுனா மானு பொழச்சுக்குமாங்க?" என்றார் காவலர்.

அப்போதுதான் அது நடந்தது. இவ்வளவு நேரமும் என் துப்பட்டாவுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த இனியா முன்னால் வந்தாள். காவலருக்கு எதிரே நின்றாள். உதடு கோணியது.

"மாமா, என்னப் புடிச்சுட்டுப் போயிராதீங்க. நாளைல இருந்து ரெண்டு இட்லி சாப்பிடறேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வெடித்தது. சாதாரண அழுகை இல்லை. மூச்சு திணறி, விக்கி விக்கி அழுகிற அழுகை.

காவலர் நோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இட்லியா? என்ன இட்லிங்க?"

நான் தரையைப் பார்த்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். நங்கையா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காவலரிடம் பட்டென்று போட்டு உடைத்தார். "உங்க பேரச் சொல்லித்தானுங்க எங்கூட்ல புள்ளைக்குச் சோறு எறங்குது."

கூட்டத்தில் தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று போன மாதம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வைத்து இனியாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "அழக்கூடாது. காக்கிச் சட்டை போட்டவங்க யாராச்சும் இருப்பாங்க. அவங்ககிட்டப் போய் நில்லு." அதே வாய்தான். காலையில் இட்லிக்குப் பூச்சாண்டி, மதியம் பஸ் ஸ்டாண்டில் காவல் தெய்வம்... ஐந்து வயதுக் குழந்தை எந்த மாமாவை நம்பும்? நிஜமாகவே அவள் தொலைந்துபோனால் காக்கியைப் பார்த்ததும் எதிர்த்திசையில் அல்லவா ஓடுவாள்? செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. அந்தக் கவர் கிடைத்தே ஆக வேண்டும். மானுக்காக மட்டும் இல்லை. யாரையும் பிடித்துக்கொண்டு போகாமல் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லி அந்தச் சட்டை எங்களை அனுப்பி வைப்பதை இனியா தன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

மொபைலை எடுத்தேன். லிஸ்ட்!

"நான் ஒவ்வொண்ணா வாசிக்கறேங்க. நீங்க டிக் பண்ணுங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் இனத்தைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சி.

"தண்ணி பாட்டில், நாலு."

"நாலு. இருக்குதுங்க."

"ஜிப் கவர், மூணு."

"மூணு."

கிரீம், வைப்ஸ், பிஸ்கட், ட்ரே, பட்டாம்பூச்சி கிளிப் எல்லாம் சரியாக வந்தன.

"கச்சாயக் கவர், அஞ்சு."

"நாலுதானுங்க இருக்குது."

எல்லோரும் நங்கையாவைப் பார்த்தோம். அவர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு மெதுவாகக் காவலர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் தம்பி... நீங்க இன்னும் சாப்பிடலீங்களா?"

காவலர் விழித்தார்.

"காலைல இருந்து டீ கூடக் குடிக்கலைன்னு சொன்னீங்கல்ல? அம்மணி புள்ளையக் கூட்டிட்டு பாத்ரூம் போனப்ப உங்க கையில குடுத்தனே!"

காவலர் மேஜை இழுப்பறையை இழுத்தார். ரப்பர் ஸ்டாம்புக்கும் ஸ்டாம்ப் பேடுக்கும் நடுவில், கட்டின முடிச்சுகூட அவிழாமல் இருந்தது... இருபத்து மூன்றாவது பிளாஸ்டிக்.

"நங்கையா! இவ்வளவு நேரம் தேடறோம், சொல்லக்கூடாதுங்களா?" என்றேன்.

"அட, குடுத்ததையெல்லாம் ஆரு அம்மணி நெனப்பு வெச்சிருப்பா?"

அவர் குரலில் இருந்தது உண்மையான ஆச்சரியம். கொண்டுபோன பொருளின் கணக்கு வேறு, கொடுத்த பொருளின் கணக்கு வேறு. இரண்டாவதை எங்கள் பக்கத்துப் பெண்கள் வைத்துக்கொள்வதே இல்லை. நானும் அந்தக் கவரை லிஸ்டில் ஏற்றினேனே தவிர, நான்கு பேருக்கு எதற்கு ஐந்து கவர் என்று யோசிக்கவில்லையே!

காவலரின் காது சிவந்துவிட்டது. "கூட்டம் வந்துபோச்சுங்க... உள்ள வெச்சுப்போட்டு மறந்துட்டேன்" என்றார். விசிலைக் கழற்றி வைத்தார். கவரை எங்களிடம் நீட்டினார்.

"அப்படியே வாங்குனா எப்படிங்க? சாப்புட்டுக் காலி கவராக் குடுங்க" என்றார் நங்கையா. "டூட்டிலங்க..." என்று இழுத்தார். நங்கையாவிடம் அதெல்லாம் நடக்குமா? கோர்ட் ஊழியராலேயே முடியவில்லை!

நின்றபடியே இரண்டு கச்சாயம் சாப்பிட்டார். மூன்றாவதைப் பாதியாகப் பிட்டு, இனியாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீட்டினார்.

"நான் புடிக்கற மாமா இல்ல கண்ணு. எண்ணற மாமா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"எங்கூட்லயும் இதேதானுங்க" என்றார் என்னிடம். "என்ற புள்ள யானைக்கும் பயப்படாது, காக்கிக்கும் பயப்படாது. டாக்டர் ஊசி போடுவாருன்னாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும்."

பாவம், அந்த டாக்டர் வீட்டில் யார் பேரைச் சொல்கிறார்களோ!

காலிக் கவரை நான்காக மடித்து மேஜையில் வைத்தார். அதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். இருபத்து மூன்று வந்த பிறகுதான் நோட்டில் டிக் போட்டார். கேட்டைத் திறந்து, "போய்ட்டு வாங்க கண்ணு" என்றார். மணி சரியாக நான்கு. கார் திரும்பும்வரை இனியா கையாட்டிக்கொண்டே இருந்தாள். விதி தெரிந்த மனிதர், வெல்லம் ஒட்டிய கையோடு பதிலுக்கு ஆட்டினார்.

இனி அந்த மாமாவைக் கூப்பிடவே கூடாது என்று வீடு வரும் வழியிலேயே தீர்மானம் செய்துவிட்டேன். தீர்மானம் திங்கள்கிழமை காலை ஏழரை மணி வரை தாங்கியது. இரண்டு இட்லி சத்தியமெல்லாம் காற்றோடு போயிற்று. வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வேன் வரும் நேரம். என்னையறியாமல் வந்துவிட்டது... "இனியா, காக்கிச் சட்டை மா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் கண்கள் விரிந்துவிட்டன.

"நெசமா வாராரா? என்ற இட்லிய அவருக்கு வெச்சிரும்மா. அவரு இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாரு!"