பதினேழாம் நம்பர் சேர்ட்

நானா, என் அண்ணன், கெம்பஸ் படிக்கப் போன பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஒரே சண்டை அவருடைய அழுக்கு உடுப்பைப் பற்றியது. விடுமுறைக்கு விடுமுறை அவர் கம்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆள் மெலிந்திருப்பார், பை கொழுத்திருக்கும். உம்மா ஆளைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக் குழாயடிக்குப் போவார்.

"கெம்பஸ் படிக்கிற பொடியனுக்குத் தன்ட உடுப்பக் கழுவ ஏலாதா?" என்று வாப்பா கேட்பார்.

"அவன் படிக்கப் போனவன், கழுவப் போனவனில்ல" என்பார் உம்மா.

தன் சாரத்தைக்கூட ஒருநாளும் கழுவியறியாத வாப்பா, இந்த விஷயத்தில் மட்டும் பெரிய நீதவான். எனக்கு அப்போது எட்டு வயது. கழுவியதைக் கொடியில் போடுவது என் தலையில் விழுந்த வேலை. ஆகவே நான் வாப்பா கட்சி.

ஒரு சனிக்கிழமை வாப்பா முந்திக்கொண்டார். நானாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், பையைத் தானே அவிழ்த்து, மேலே கிடந்த சேர்ட்டை எடுத்தார். எடுத்தவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு புளித்த வாடை எனக்கும் அடித்தது. அது சாராயம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"யார்ட சேர்ட் இது?"

நானா உம்மாவைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "என்ட தான் வாப்பா."

வாப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். "இனி இந்தப் பையோட இந்த வாசலுக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். உம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸாரில் எங்களுக்கு இருந்தது உடுப்புக் கடை. படியேறி வருகிற ஆளின் கழுத்தைப் பார்த்தே சேர்ட் நம்பர் சொல்லக்கூடியவர் வாப்பா. நானாவின் கழுத்துக்குப் பதினாலாம் நம்பரே தாராளம். அந்தச் சேர்ட்டின் கொலரில் பதினேழு என்று இருந்ததை, கொடியில் போடும்போது நான்தான் பார்த்தேன். வாப்பா அன்று மூக்கை மட்டும் நம்பிவிட்டார்.

"நானா, இதுக்குள்ள உங்களப் போல ரெண்டு பேர் போகலாம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல் இன்னொரு களிசானுக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார். "மழ வரப்போகுது, கெதியாப் போடுங்க தங்கச்சி" என்றார்.

அடுத்த முறை நானா பையில்லாமல் வந்தார். ஒரு வேனில், காதைச் சுற்றிக் கட்டுப் போட்டு வந்தார். கூட வந்தவன் அவருடைய அறையில் இருந்த சிங்களப் பொடியன். அவன்தான் முன்னறையில் நின்று, தெரிந்த தமிழில் பாதியும் சிங்களத்தில் பாதியுமாக எல்லாவற்றையும் சொன்னான். புதிதாகச் சேர்ந்தவர்கள் சீனியர்மாரின் உடுப்பைக் கழுவ வேண்டுமாம். அங்கே கழுவி முடிக்க முடியாததை நானா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இனி முடியாது என்று சொன்னதற்கு அறைந்திருக்கிறார்கள். காதுச் சவ்வு கிழிந்துவிட்டது.

அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை. நானா திரும்பக் கெம்பஸ் போகவுமில்லை.

பொடியன் போன பிறகு வாப்பா கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏன் மகன் என்னட்டச் சொல்லல்ல?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"சொல்லியிருந்தா நீங்க அங்க வந்திருப்பீங்க வாப்பா."

வாப்பாவின் கோபத்துக்குத்தான் நானா பயந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு நானா மேல் எரிச்சல்கூட வந்தது. வாப்பா போயிருந்தால் அவன்களை ஒரு கை பார்த்திருப்பாரே என்றுதான் அந்த வயதில் என் நினைப்பு. வாப்பா யாரையும் ஒரு கை பார்க்கக்கூடியவரில்லை என்பது நானாவுக்குத் தெரிந்திருந்தது. வாப்பா அந்த ஹொஸ்டல் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் மகன் வயதுப் பொடியன்களைப் பார்த்து, ஐயா என்பதற்குச் சிங்களத்தில் "மாத்தயா" என்று கெஞ்சியிருப்பார். அதைப் பார்ப்பதைவிட, குடிகாரன் என்ற பேரோடு வீட்டை விட்டுப் போவது நானாவுக்கு லேசாக இருந்திருக்கிறது.