பகலில் சாத்திய ஜன்னல்

வாடகைக்கு விடுவதற்காகச் சிவகாசிக்கு வெளியே ஒரு வீடு வாங்க நினைத்தபோது, எனக்கு வீடுகளைக் காட்டியவர் ஒரு தரகர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. வலது புருவம் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று தோல் மட்டும் இருந்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேரே அடுப்படி மூலைக்குப் போய்க் குனிவார். தரையை விரலால் தேய்த்து முகர்ந்து பார்ப்பார்.

ஒரு வீட்டில் காரணம் கேட்டேன்.

“கந்தக வாடை அடிக்குதான்னு பாக்கேன். குடியிருந்தவுக உள்ள வச்சு களவா பட்டாசு செஞ்சிருந்தா, எம்புட்டு கழுவுனாலும் தரை காட்டிக் குடுத்திரும்” என்றார். “பேரம் பேசாம கேட்ட வாடகைக்குத் தலையாட்டுதவனுக்கு வீட்ட விடாதீக. பகல்ல ஜன்னல் சாத்திக் கெடந்தா அன்னைக்கே தட்டிக் கேட்டுருங்க.”

“கோவிச்சுக்கிட்டு காலி பண்ணிருவாகளே?”

“பண்ணட்டும். எஞ் சொந்த வீட்டுலயே, வாடகை ஒளுங்கா வருதேன்னு நான் தட்டாம இருந்தேன். கடைசில தட்டப் போன அன்னைக்கு, கதவு எம்மேல வந்து விளுந்துச்சு. உள்ள இருந்தவுக…”

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் வீடு வாங்கினேன். விடாமல் பேரம் பேசிய ஒரு குடும்பத்துக்குத்தான் வாடகைக்கு விட்டேன். நேற்று மதியம் அந்தப் பக்கம் போனால், அவ்வளவு வெயிலிலும் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தட்டுவதற்குக் கையை உயர்த்தியவன் அப்படியே நின்றேன். வலது புருவமில்லாத அந்த முகம் கண்முன் வந்தது.

தட்டிக் கேட்கத்தான் சொன்னார். கதவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.