நத்தையா, அட்டையா?

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்று இருந்தது ஒரே ஓர் அறைதான். மேலே தகரம், கீழே மண்தரை, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே டீச்சர். நாகலெட்சுமி அந்த வேலைக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில். கொட்டகலையில் எட்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவள். அவளுடைய அப்பா அம்மாவும் தோட்டத்து ஆட்கள்தான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதி, அம்மாமார் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிய பிறகு பிள்ளைகள் வருவார்கள். வாசலிலேயே கால் கழுவ வேண்டும். விரலிடுக்கில் அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருவர் காலை இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். அப்புறம் தேவாரம், நகம் பார்ப்பது, வாய்ப்பாடு. ஈரச் சிலேட்டை எல்லோரும் காற்றில் விசிறிக் காயவைக்கும்போது அறையே பறந்துவிடும் போலிருக்கும். இத்தனையையும் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டது கடைசியில் வரும் கதை நேரத்துக்காக.

டீச்சர் ஹட்டன் கடையொன்றில் வாங்கிய கதைப் புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு கதைகள் இருந்தன. பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்.

"கரடி கொட டீச்சர்! கரடி கொட!"

மழைக்காட்டில் ஒரு கரடிக்குக் குடை கிடைக்கிறது. முயல் வந்து இடம் கேட்கிறது, மான் வந்து கேட்கிறது, ஒவ்வொன்றாகக் குடைக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு தடவையும், "இன்னும் ஒருத்தருக்கு எடம் இருக்கா?" என்று வகுப்பே சேர்ந்து கேட்கும். கடைசியாக டீச்சர் குரலைத் தாழ்த்தி, "அப்போது மெதுவாக, மெதுவாக ஓர் அட்டை வந்தது" என்பாள். பிள்ளைகள் வீரிட்டுக்கொண்டு கால்களைப் பெஞ்சின் மேல் தூக்கிக்கொள்வார்கள்.

மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் மழை விடவே இல்லை. தகரத்தில் விழும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பாடம் சொன்னதில் நாகலெட்சுமியின் தொண்டை கட்டியது. கட்டிய தொண்டையோடு இன்னும் கத்தினாள். ஒரு திங்கட்கிழமை தேவாரத்துக்கு வாயைத் திறந்தவளுக்குக் காற்றுதான் வந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரி டாக்டர் சில மாதங்களுக்குப் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"பேசாத டீச்சர வச்சுக்கிட்டு என்னம்மா செய்யறது? தோட்டத்துத் தொர கேட்டா நான் என்ன சொல்லுவேன்? மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்."

அவளால் கெஞ்சக்கூட முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் கைதட்டியும் கரும்பலகையில் எழுதியும் வகுப்பை நடத்தினாள். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு என்ன தோன்றியதோ, அவர்களும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள். டீச்சருக்குச் சத்தம் ஆகாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் கதை நேரம் வந்தபோது அவள் "இன்று கதை இல்லை" என்று எழுத, எல்லா முகங்களும் தொங்கிப்போயின.

வேலாயி எழுந்து வந்தாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பாதி நாள் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே நின்றுவிடும் பிள்ளை. இரண்டு வருஷமாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பவள். "நான் படிக்கிறேன் டீச்சர்" என்று புத்தகத்தை எடுத்து விரித்தாள். டீச்சர் இழுக்கும் இடத்தில் இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, கணீரென்று சொன்னாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

"அவ படிக்கல டீச்சர்! பக்கமே வேற. சும்மா சொல்றா!" என்றான் முன்பெஞ்சு அழகன்.

வேலாயியின் கண் நிறைந்துவிட்டது. அவள் படிக்கவில்லை என்பது நாகலெட்சுமிக்கும் தெரிந்துதான் இருந்தது. பேச முடிந்திருந்தால், "எழுத்தப் பாத்துப் படி புள்ள" என்று அதட்டியிருப்பாள். முடியாததால் பக்கத்தில் போய் நின்றாள். சரியான பக்கத்தைத் திருப்பி, வேலாயியின் விரலைப் பிடித்து முதல் சொல்லின் அடியில் வைத்தாள். வேலாயி சொல்லச் சொல்ல விரல் நகர்ந்தது.

தினமும் அப்படியே நடந்தது. சில நாளில் விரல் தானாகவே நகர்ந்தது. ஒரு நாள் கதையின் கடைசிக்கு வந்த வேலாயி, "மெதுவாக, மெதுவாக ஒரு..." என்று சொல்லிவிட்டு நின்றாள். பெஞ்சுகளின் மேல் தூக்கிய கால்கள் அப்படியே காத்திருந்தன.

"டீச்சர், இங்க அட்ட இல்லியே." குனிந்து பார்த்தாள். "ந... நத்... தை. நத்தை! நத்தைன்னுல்ல போட்டிருக்கு!"

நாகலெட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தகத்தில் நத்தைதான். பிள்ளைகளுக்கு அட்டையைத்தான் தெரியும் என்று என்றோ ஒரு நாள் மாற்றி வாசித்தது, பிறகு அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"நத்த வேணாம் டீச்சர், அட்டதான் வேணும்!" என்று அழகன் கத்த, வகுப்பு முழுவதும் கத்தியது. நாகலெட்சுமி சத்தமில்லாமல் சிரித்தாள். வேலாயி சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள். மனப்பாடத்தில் இல்லாத ஒரு சொல்லை அவள் எழுத்திலிருந்து எடுத்தது அதுதான் முதல் தடவை.

மாசக் கடைசியில் கிளாக்கர் ஐயா வந்தார். உள்ளே ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதை முடியும் வரை வாசலில் நின்றவர், "சரி, நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் குரல் திரும்பியது. கொஞ்சம் கரகரப்போடுதான். ஆனாலும் கதை நேரத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டாள். முறை வைத்து அவர்கள் வாசிக்க, அவள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

சில வருஷம் கழித்து வேலாயியைக் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நாகலெட்சுமி லயத்துக்குப் போனாள். வேலாயியின் அப்பா பொன்னையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஒக்காருங்க டீச்சர். வீட்ல ஆறு வாயி. நான் வேற என்ன செய்ய?"

"நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே," என்றாள் நாகலெட்சுமி.

"தெரியுங்க. ராவுல எங்களுக்கே படிச்சுக் காட்டுது."

தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். எழுத்து வந்தது, அது போதுமா என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். மறுநாள் வழக்கம்போல் நகம் பார்த்தாள், வாய்ப்பாடு சொல்லவைத்தாள். கதை நேரத்தில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளை ஒன்று புத்தகத்தோடு எழுந்து, முதல் சொல்லிலேயே திக்கி நின்றது. நாகலெட்சுமி சொல்லிக்கொடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.