காட்டாற்றுக்கு இப்பால் நின்ற கார்

டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள்தான் வருகின்றன. செம்மண் சேறு அப்பிய பாதங்கள். நனைந்த சேலைக்கரை கணுக்காலோடு ஒட்டிக் கிடக்கிறது. காருக்குள்ளே என் மடியில் தலை வைத்து ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். வெளியே அவள் புருஷன் கையைப் பிசைந்துகொண்டு, “என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு” என்று அந்தப் பாதங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அங்கே இருந்த ஒரே டாக்டர் அவர்தான். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பேச்சைக் காசுபோல எண்ணிச் செலவழிப்பவர். ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பழைய கார் இருந்தது. அதை அவரே ஓட்டுவார். பெண்பிள்ளை கார் ஓட்டுவதை ஊர் வேடிக்கை பார்த்து முடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. உலக யுத்தச் சண்டைக் காலம் அது. எங்கள் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். திருச்சியிலும் சாமான் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பின்சக்கரங்களின் பிரேக் தேய்ந்து, மிதித்தால் இரும்போடு இரும்பு உரசிக் கிரீச்சிட ஆரம்பித்தது. முன்சக்கரப் பிரேக் செத்து வெகுநாள்.

“நாமே போட்டுவிடலாம் சிஸ்டர்” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிப்பவை பிரேக் கட்டைகள். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்தான் தேய்ந்து போயிருந்தது. அரிசி மில்லில் கழித்துப்போட்ட கெட்டியான நூல் பெல்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, அளந்து வெட்டி, செம்பு ஆணி வைத்து அந்தக் கட்டைகளில் அறைந்தார். வயிற்றைத் தைக்கும்போது எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனம். மாலையில் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். மிதித்த இடத்தில் கார் நின்றது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வந்த ஐப்பசியில் ஒரு காலை, கீரமங்கலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் விழாத குறையாக இறங்கினான். சம்சாரத்துக்கு முந்தின நாளிலிருந்து வலி, பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்திருக்கிறது என்றான். டாக்டரம்மா உடனே சாவியை எடுத்தார். போகும்போது வழியிலிருந்த காட்டாறு வெறும் மணலாகக் கிடந்தது. அந்தக் குடிசையில் அவர் அந்தப் பெண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆனால் உயிர் இருந்தது. குழலை வயிற்றில் வைத்து நானும் துடிப்பைக் கேட்டேன். “இங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து எடுத்தால் ரெண்டு பேரும் பிழைப்பார்கள். தூக்குங்கள்” என்றார்.

திரும்பி வரும்போது காட்டாற்றில் முழங்கால் அளவுக்குச் செந்தண்ணீர் ஓடியது. நிறுத்தாமல் இறக்கி ஏற்றினார். அக்கரை சேர்ந்ததும் அந்தப் பெண்ணின் புருஷன் ஆற்றைத் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். மழையும் விட்டிருந்தது. கொஞ்ச தூரம் வந்திருப்போம். கார் பாரம் இழுக்கிற மாடுபோல முக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. துணி கருகுகிற வாடை. பின்சக்கரத்திலிருந்து புகை. அப்புறம் ஒரு குலுக்கல், நின்றேவிட்டது.

கைப்பிரேக் இழுபட்டிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. இறங்கிப் படுத்து, மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டார். மூவரும் சேர்ந்து தள்ளினோம்; அசையவில்லை. மறுபடி அடியில் போய், கட்டையைத் தளர்த்தும் மரையைத் திருகினார். திருகத் திருக அது கடைசிவரை போய் முட்டி நின்றது. சக்கரம் விடவில்லை. சூட்டில்தான் இறுகியிருக்கிறது, ஆறினால் விட்டுவிடும் என்று சிறிது நேரம் காத்திருந்தார். அந்தச் சிறிது நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பிள்ளையின் துடிப்பை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து அவர் குரல் வந்தது, யாரிடமோ சொல்வதுபோல: “நூல் பெல்ட். தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது. இது ஆறினாலும் விடாது.”

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவி, பெல்ட்டை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. சாலையில் ஈ காக்கை இல்லை. ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு டிரம்மைப் பிடித்து ஆட்டினார். அவன் பின்னாலிருந்து கல்லால் தட்டினான். அசையாமல் இருந்தது திடீரென்று கழன்று, இன்னும் சூடு ஆறாமல், அவர் வலது உள்ளங்கையில் உட்கார்ந்தது. அவர் கத்தவில்லை. மூச்சை உள்ளிழுத்த சத்தம் மட்டும் கேட்டது. துணியைப் பிரித்தபோது அதோடு தோலும் வந்தது. அறுவை செய்ய வேண்டிய கை. அந்தக் கையை அவர் ஒரே ஒரு தடவை பார்த்தார், பிறகு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“தம்பி, இனிமே நீங்கதான். இடுப்புல சொருகியிருக்கிற அருவாளை எடுங்க. கட்டை மேல இருக்கிற பெல்ட்டைச் செதுக்கித் தள்ளுங்க.”

“பிரேக்கு கெட்டுப்போயிருமேம்மா.”

“கெட்டுப் போகட்டும். வெட்டுங்க.”

கதிர் அறுக்கிற கை அவனுடையது. இரும்பும் ஆணியும் அதற்குப் புதிது. அரிவாள் வழுக்கியது, விரல் கிழிந்தது. அவன் சம்சாரம் காருக்குள்ளிருந்து, “எங்கிட்டுப் போனீங்க? இங்கிட்டு வாங்களேன்” என்று அழைத்தாள். “இந்தா வாரேன், இந்தா வாரேன்” என்று செதுக்கினான். ஒரு சக்கரம் முடிந்து அடுத்ததில் அவன் உட்கார்ந்திருந்தபோது, குழலில் எனக்குத் துடிப்பு கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது டாக்டரம்மா ஜன்னலருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லையென்று தலையசைத்தேன். அதை அவனும் பார்த்துவிட்டான். அரிவாளைப் பிடித்தபடி, “வேகமா செய்யிறேம்மா, வேகமா செய்யிறேன்” என்றான். “செய்யுங்க. இவளைக் காப்பாத்தணும்” என்றார் அவர்.

அங்கிருந்து புதுக்கோட்டை வரை எங்கள் காருக்குப் பிரேக் கிடையாது. இடதுகையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வெந்த கையின் மணிக்கட்டால் கியரைத் தள்ளி ஓட்டினார். அவன் கால்படியில் தொற்றி நின்றுகொண்டு, “ஒதுங்குங்க! பிரேக்கு இல்லைங்க! ஒதுங்குங்க!” என்று ஆலங்குடிக் கடைத்தெரு முழுக்கக் கத்திக்கொண்டே வந்தான். சனங்கள் மாட்டையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு சிதறினார்கள். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் வேலிச் செடிக்குள் வண்டியை விட்டு நிறுத்தினார்.

ஆள் அனுப்பிக் கேட்டதில், பெரிய ஆஸ்பத்திரி சர்ஜன் ஊரில் இல்லை என்று பதில் வந்தது. டாக்டரம்மா கையை நீட்டினார். “உறையை மாட்டு சிஸ்டர்.” “இந்தக் கையிலா?” என்றேன். “வேறே கை இல்லையே” என்றார். அந்த ரணத்தின் மேல் ரப்பர் உறையை இழுத்து மாட்டியது நான்தான். அவர் உதடு வெளுத்துப்போனது. செத்த பிள்ளையை எடுத்து, கிழிந்ததைத் தைத்து, தாயை உயிரோடு கட்டிலில் கிடத்தும் வரை அவர் கை நிற்கவில்லை. உறையைக் கழற்றும்போதுதான் சுவரில் சாய்ந்து மயங்கினார். ஆண் பிள்ளை. நல்ல நிறை.

அந்தப் பெண் தேறிவந்த நாட்களில் அவள் புருஷன் வராந்தா மூலையிலேயே கிடந்தான். சோறு வைத்தால் பிசைவான், தின்னமாட்டான். ஒரு நாள் என்னை மறித்து, “பிள்ளைக்கு எப்பம்மா மூச்சு நின்னுச்சு? நான் ரெண்டாவதைச் செதுக்கையிலதானே? வெரசாச் செஞ்சிருந்தா இருந்திருக்குமா?” என்று கேட்டான். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டுப்போட்ட கையோடு எழுந்து வந்து அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“தம்பி, உங்க கை ஒண்ணும் பண்ணலை. அந்த பெல்ட்டை அங்கே அறைஞ்சது நான். தண்ணியில ஊறும்னு எனக்குத் தோணலை. தப்பு என்னுது.”

அவன் அவரை நிமிர்ந்து பார்த்தான். “தெரியாத வேலைய ஏம்மா செஞ்சீங்க?” என்றான். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்பதுபோல. நான் குறுக்கே பேச வாயெடுத்தேன்: ஆள் இல்லை, சாமான் இல்லை, இந்த அம்மா வராவிட்டால் உன் பெண்டாட்டியும்... டாக்டரம்மா என்னைத் தடுத்துவிட்டார். அவன் எழுந்து பம்படிக்குப் போய் முகம் கழுவினான். அன்றைக்குச் சாப்பிட்டான். ஆனால் ஊருக்குப் போகும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் காட்டாற்றின் மேல் இப்போது பாலம் இருக்கிறது. பேரன் கார் ஓட்ட, போன வருஷம் அதன்மேல் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோனேன். டாக்டரம்மா காலமாகி நெடுநாளாகிறது. வெந்த கையின் இரண்டு விரல்கள் அப்புறம் நிமிரவே இல்லை. அவர் கத்தி எடுத்த கடைசி அறுவை அதுதான். அவர் செய்தது தப்பா, தப்பில்லையா என்று நான் பல வருஷம் எனக்குள்ளே வழக்காடியிருக்கிறேன். அந்தப் பிள்ளை பக்கம் பேசினால் ஒரு தீர்ப்பு வரும், அந்தத் தாய் பக்கம் பேசினால் வேறொன்று வரும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

அந்தப் பெண் தேறியதும் அவளை அழைத்துப்போக ஊரிலிருந்து கூண்டு வண்டி வந்தது. புருஷன் வைக்கோலை விரித்து அதன்மேல் ஜமுக்காளத்தைப் போட்டான். டாக்டரம்மா வாசல் வரை வந்து தூண் ஓரமாக நின்றார், கிட்டே போகத் துணிவில்லாதவர்போல. வண்டி ஏறப்போன பெண் என் தோளை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்து அவரிடம் வந்தாள். கட்டுப்போட்ட அந்தக் கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். “இன்னும் எரியுதாம்மா?” என்று கேட்டாள். அவள் குனிந்து, விழுந்து எழுந்த பிள்ளைக்கு ஊதிவிடுவதுபோல, அந்தக் கட்டின்மேல் வாயைக் குவித்து ஊதினாள்.